அந்த ‘டி’ எழுத்தை அழுத்துங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். லினக்ஸ் பக்கமே போகாதவர்கள் நடுவில் வரும் டெக்னிக்கல் பகுதியைத் தாண்டிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

உபுண்டு 20.04 பதிப்புக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதே வருடம் அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் முடிந்தது. இந்த இரண்டும் சேர்ந்து என் ஓய்வுக்காலத்தைப் பாதி விழுங்கிவிட்டன. விண்டோஸிலிருந்து மாறுகிறவர்கள் ஒரு பக்கம். நான் முன்பே உபுண்டு போட்டுக்கொடுத்தவர்கள் அப்கிரேட் செய்துவிட்டு இன்னொரு பக்கம். வருகிற போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: “சார், எல்லாம் நல்லா முடிஞ்சுது. கடைசியில ஏதோ கேக்குது. என்ன அழுத்தட்டும்?”

அந்த ‘ஏதோ’ இதுதான். பழைய பதிப்பிலிருந்து புதியதற்குத் தாவி முடித்ததும், “காலாவதியான பேக்கேஜ்களை நீக்கலாமா?” என்று உபுண்டு கேட்கிறது. இத்தனை பேக்கேஜ்கள் நீக்கப்படும் என்று ஓர் எண்ணிக்கையும் சொல்கிறது. பதிலாக மூன்று எழுத்துகள் தருகிறது. ஒய் என்றால் சரி. என் என்றால் வேண்டாம். டி என்றால் விவரம் காட்டு.

என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் ஒய்யா, என்னா என்றுதான் கேட்டார்கள். டி-யைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் ‘என்’ அழுத்திவிட்டுக் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். துணிச்சல்காரர்கள் ‘ஒய்’ அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. அப்கிரேட் என்ற வேலையில் கடைசி அரை மணி நேரம்தான் மனிதன் செய்ய வேண்டியது. மீதி எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடுகிறது.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு நம் ஆய்வகத்து அலமாரி நினைவிருக்கும். லேபிள் இல்லாத பாட்டிலை யாரும் திறக்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். உள்ளே இருப்பது வெறும் உப்புக் கரைசலாகவே இருக்கலாம். அது என்ன என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. காலாவதியான பேக்கேஜும் அப்படித்தான். பலர் நினைப்பதுபோல அது கெட்டுப்போன பொருள் அல்ல. நேற்றுவரை ஓடியது, இன்றைக்கும் ஓடும். ஆனால் புதிய பதிப்பின் களஞ்சியத்தில் அதற்கு இடம் இல்லை. நாளைக்கு அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்து அனுப்ப யாரும் இல்லை. ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி என்று ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அதுதான். பெட்டிக்குள் இட்லிப் பொட்டலமாகவே இருக்கட்டும், கேட்பார் இல்லை என்பதே கவனிக்கப் போதுமான காரணம்.

இதில் ஒன்றும் அபூர்வம் இல்லை. உபுண்டுவுக்குத் தாய் வீடான டெபியனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 10-ஆம் தேதி டெபியன் 12 வந்தபோது அதில் 64,419 பேக்கேஜ்கள் இருந்தன. புதிதாக வந்தவை பதினோராயிரத்துக்கு மேல். அதே சமயம் 6,296-க்கும் மேற்பட்டவற்றைக் காலாவதி என்று வெளியே எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்ட் 9-இல் டெபியன் 13 வந்தபோது மொத்தம் 69,830, நீக்கப்பட்டவை 8,840-க்கும் மேல். இரண்டே வருட இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். எழுதியவர் கைவிட்டிருப்பார், அல்லது அதைவிட நல்லது வந்திருக்கும், அல்லது அது நம்பியிருந்த அடித்தளமே போயிருக்கும். பைதான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. டெபியன் 12-இல் பைதான் 2 இல்லவே இல்லை. அதன் மேல் கட்டியிருந்த எத்தனையோ சின்னச் சின்ன நிரல்கள் அதோடு போயின.

களஞ்சியத்திலிருந்து அவர்கள் எடுத்துவிட்டார்கள். நம் வீட்டு லேப்டாப்பிலிருந்து யார் எடுப்பது?

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் (இப்போது அவரே பெரிய பதவியில் இருக்கிறார், பெயர் வேண்டாம்) என்னைக் கிண்டல் செய்தார். “சார், இப்ப ஒரு டெராபைட் டிஸ்க் இருக்கு. அதுல ரெண்டு ஜிபி பழசு கிடந்தா என்ன ஆகிடும்? ஏன் இடத்துக்காக அடிச்சுக்கறீங்க?” இடம்தான் காரணம் என்றால் அவர் சொல்வது சரி. நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் பேங்க் பக்கத்தைத் திறக்கும்போது பூட்டுச் சின்னம் காட்டுகிறதே, அதற்குப் பின்னால் உள்ள வேலையைச் செய்வது இதுபோன்ற லைப்ரரிகள். 2014 ஏப்ரலில் இதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில்தான் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டு உலகமே அலறியது. உபுண்டு 20.04-இல் இதன் 1.1.1 பதிப்பு இருந்தது. 22.04-இல் 3.0 வந்துவிட்டது. 1.1.1-ஐ உருவாக்கியவர்களே 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இப்போது 20.04-இலிருந்து 22.04-க்கு வந்த ஒருவரின் இயந்திரத்தில் அந்தப் பழைய லைப்ரரி அப்படியே கிடக்கிறது என்று வையுங்கள். அதை எந்த நிரலும் பயன்படுத்தாவிட்டால் பெரிய ஆபத்து இல்லை, இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயன்படுத்துகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியுமா? ‘என்’ அழுத்தியவருக்குத் தெரியாது. தினமும் அப்டேட் வருகிறது, திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அப்டேட் என்பது களஞ்சியத்தில் இருப்பவற்றுக்கு மட்டும்தான் வரும்.

இதைவிட மோசம், அப்கிரேடுக்குப் பிறகு ஏதோ பழைய நிரல் ஓடவில்லை என்று இணையத்தில் தேடி, பழைய களஞ்சியத்திலிருந்து அந்த லைப்ரரியைக் கையால் இறக்கி மறுபடி உள்ளே வைப்பது. அதற்குப் பிறகு அதைத் தேடி எந்த அப்டேட்டும் வராது. நம் இளைஞர்கள் பலர் இதைச் செய்துவிட்டு “சால்வ்ட் சார்” என்கிறார்கள்.

தாழம்பூர் பக்கம் ஓர் இலவசப் படிப்பகம் இருக்கிறது. 14 கணினிகள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளும், ஆன்லைனில் விண்ணப்பம் போட வரும் பெற்றோரும்தான் அதிகம். ஆதார் எண், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பேங்க் விவரம் எல்லாம் அந்தக் கணினிகள் வழியாகத்தான் போகின்றன. இயந்திரங்களை விற்றவரே உபுண்டுவும் போட்டுக்கொடுத்து, பிறகு ஒரு முறை வந்து புதிய பதிப்புக்கும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். நான் போய் உட்கார்ந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது கணினிகளில் பல மாதங்களாக எந்த அப்டேட்டும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. காரணம், கெர்னல் கோப்புகள் இருக்கும் ‘பூட்’ பிரிவு நிரம்பி வழிந்தது. நிறுவியவர் அதற்குத் தனியாகச் சிறிய இடம் ஒதுக்கியிருந்தார். சாதாரணமாகப் பழைய கெர்னல்களை ஆட்டோரிமூவ் என்ற கட்டளை தானே கழித்துவிடும். ஓடிக்கொண்டிருப்பதையும் சமீபத்தியதையும் மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் இங்கே பழைய கெர்னல்கள் ‘கையால் நிறுவியவை’ என்று குறிக்கப்பட்டிருந்தன. மனிதன் கேட்டுப் போட்டதை இயந்திரம் தொடாது. புதிய கெர்னல் வர முயன்று, இடமில்லாமல் பாதியில் நின்று, அதன் பின்னால் வந்த எல்லாமும் வரிசையில் நின்றுவிட்டன. பாலத்தில் ஒரு லாரி பழுதானால் சோழிங்கநல்லூர் வரை நிற்குமே, அந்தக் கதை.

இதுகூடப் பரவாயில்லை. காலாவதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது எல்லாக் கணினியிலும் ஒரு பெயர் வந்தது. தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் ஒரு பழைய சேவை நிரல். விற்றவர் தன் சர்வீஸ் வசதிக்காகப் போட்டது. எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத, தனியாக இறக்கிய டெப் கோப்பு. கடவுச்சொல் கிடையாது. கணினி ஏறியதும் தானாக ஓடத் தொடங்கி, 5900 என்ற போர்ட்டில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. அதே வைஃபையில் இருக்கும் எவரும் உள்ளே வந்து, ஒரு பெண்பிள்ளை விண்ணப்பம் நிரப்புவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்திருக்கலாம். பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்ப விரும்புகிறேன்.

அப்கிரேட் செய்தவர் ஒய்யோ என்னோ அழுத்தாமல் டி அழுத்தியிருந்தால் இதைக் கண்டிருப்பாரா? உண்மையைச் சொன்னால், அந்த ஒரு திரை மட்டும் போதாது. அப்கிரேட் நிரல் தரும் பட்டியல் அது சந்தேகப்படுகிறவற்றின் பட்டியல்தான். கையால் போட்டவை பல அதில் வராமல் போகும். ஆனால் டி அழுத்துகிற பழக்கம் உள்ளவர் அதோடு நிற்க மாட்டார், அடுத்த பட்டியலையும் கேட்பார். நான் சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான்.

என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஆப்ட் லிஸ்ட் என்று எழுதி, ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் அலைக்குறியும் சிறிய ‘ஓ’ எழுத்தும் போடுங்கள். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் உங்கள் இயந்திரத்தில் மட்டும் இருக்கும் எல்லாம் வரிசையாக வரும். பயப்படாதீர்கள், இது காட்டும், நீக்காது. இதில் மூன்று வகை கலந்திருக்கும். பழைய பதிப்பின் மிச்சம் ஒன்று. நீங்களே தனியாக இறக்கிப் போட்டவை இன்னொன்று, பிரிண்டர் டிரைவர், மீட்டிங் ஆப் மாதிரி. மூன்றாவதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அப்கிரேட் செய்யும்போது உபுண்டு வெளியார் களஞ்சியங்களை எல்லாம் முடக்கிவைத்துவிடும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் நிரலும், அதன் களஞ்சியம் முடக்கப்பட்டதால், அனாதைபோலத் தெரியும். அதை நீக்கக் கூடாது. அதன் களஞ்சியத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரும்பத் திறந்துவிட வேண்டும். இயந்திரத்துக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒய்’ போடாதீர்கள் என்கிறேன். யூடியூபில் பார்த்த ஒற்றை வரிக் கட்டளையை ஒட்டி ஓடவிடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

பட்டியலில் எதை முதலில் பார்ப்பது? வெளியே கதவு திறந்து காத்திருப்பவற்றை. எஸ்எஸ் என்ற கட்டளை எந்த நிரல் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று சொல்லும். அதிலும் இதிலும் ஒரே பெயர் வந்தால் அன்றைக்கே முடிவெடுங்கள். ஒரு பழைய விளையாட்டோ வால்பேப்பர் தொகுப்போ பத்து வருடம் கிடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. என் கணினியில் ஒரு பழைய சதுரங்கம் அப்படித்தான் இருக்கிறது, பேரன் விடமாட்டான்.

நீக்குவதிலும் இரண்டு விதம் உண்டு. ரிமூவ் என்றால் நிரல் போகும், அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும். பர்ஜ் என்றால் அவையும் போகும். நம் நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபர் 19-ஆம் தேதி கட்டண வசூல் நிறுத்தப்பட்டது. வசூலை நிறுத்த ஓர் அறிவிப்பு போதும். சாவடியையும் தடுப்பையும் பலகையையும் எடுப்பது தனி வேலை, தனி ஆள், தனித் தேதி. அந்த மாதிரி. பழைய அமைப்புக் கோப்புகள் மட்டும் தங்கியிருக்கும் பேக்கேஜ்களைப் பார்க்க, முன்பு சொன்ன கட்டளையில் ‘ஓ’வுக்குப் பதில் ‘சி’ போடுங்கள். இவற்றைப் பர்ஜ் செய்வதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அதில் நீங்கள் எப்போதோ மெனக்கெட்டு எழுதிய அமைப்பு ஏதாவது இருந்தால் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, பட்டியலில் ‘டிரான்சிஷனல்’ என்று குறிப்புள்ள பேக்கேஜ்கள் தென்படலாம். இவை உள்ளே ஒன்றுமில்லாத பெயர்ப்பலகைகள். பழைய பெயரைக் கேட்டால் புதிய பெயருக்குக் கைகாட்டும். அரசாங்கம் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்துவிட்டது, நாம் இன்னும் ஓஎம்ஆர் என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம், அவரும் சரியாகக் கொண்டுபோய் விடுகிறார். அவ்வளவுதான் விஷயம். புதியது வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பலகையைக் கழற்றலாம்.

ஆட்டோரிமூவ் பற்றியும் ஒரு வார்த்தை. அது நல்ல வேலைக்காரன். வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவையில்லாமல் நிற்பவற்றை மட்டும் கழிக்கும். எது துணையாக வந்தது, எதை நாம் கேட்டுப் போட்டோம் என்று அது குறித்துவைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு சரியாக இருந்தால் அதன் வேலையும் சரியாக இருக்கும். ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் என்று கேட்டால் ‘நீங்கள் கேட்டவை’ பட்டியல் வரும். படிப்பகத்தில் அதைத் திருத்திய பிறகுதான் பழைய கெர்னல்கள் வெளியேறின. எந்தக் கட்டளையிலும் ‘ஹைஃபன் எஸ்’ சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும். ஒத்திகை பார்க்காமல் ஆண்டுவிழா நாடகம் போட்டதில்லையே நாம், இங்கே மட்டும் என்ன அவசரம்?

“இவ்வளவு கஷ்டம் எதுக்கு மாமா? ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டுட்டா முடிஞ்சுது” என்கிறார் என் அக்கா மகன். நிறையப் பேரின் கருத்து இதுதான், அதில் நியாயமும் உண்டு. குப்பை ஒன்றுகூட மிஞ்சாது. ஒரே ஆள் பயன்படுத்தும், பேக்கப் உள்ள லேப்டாப்புக்கு நானே சில சமயம் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அது போகி கொளுத்துவது. என்னென்ன போட்டிருந்தோம் என்று தெரியாதவர் எதை இழந்தோம் என்றும் அறிய மாட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பிரிண்டர் வேலை செய்யாது, அந்தக் கீபோர்டு வராது, மறுபடி இணையத்தில் தேடி எங்கிருந்தோ ஒரு டெப் கோப்பு இறங்கும். குப்பை திரும்ப வந்துவிடும், இந்த முறை லேபிளும் இல்லாமல்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இங்கே கூடுதலான ஒரு கவலை இருக்கிறது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன்னால் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறிமுறை. நம் ஆசிரியர்கள் பலரிடம் அந்தக் காலத்து வினாத்தாள்களும் கட்டுரைகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் குப்பைபோலத் தெரியும். அதனால் சில நண்பர்கள் ‘அந்தப் பழைய எழுத்துருவைத் தொடாதே, பழைய நிரலைத் தொடாதே’ என்று ஒரு கணினியையே பழைய பதிப்பில் உறையவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. வழி மட்டும் அதுவல்ல என்பேன். அந்தக் கணினியின் டிஸ்க் ஒரு நாள் போகும், எழுத்தும் அதோடு போகும். கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நிரலகத்தில் பழைய குறிமுறைகளை மாற்றும் வசதி இருக்கிறது, வேறு மாற்றிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றி, படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுப் பிறகு பழையதைக் கழியுங்கள். நாம் காப்பாற்ற வேண்டியது எழுத்துருவை அல்ல, எழுதியதை. ஓய்வுபெற்ற தமிழாசிரிய நண்பர்களே, இந்தப் பத்தி உங்களுக்காகத்தான். உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வந்து செய்து தருகிறேன்.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கியது சென்னை சி-டாக். முதல் பதிப்பு 2007. எல்காட்டில் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸைக் கொண்டுவரப் பெரும் முயற்சி நடந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் வந்தது. உங்களில் சிலர் அந்த லேப்டாப்பில் படித்து முன்னேறியவர்கள். கேரளத்தில் 2019-இல் பள்ளிகளுக்கென்றே உபுண்டு 18.04-ஐ அடிப்படையாக வைத்து ஒரு பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காக வெளியிட்டார்கள். கணியம் இதழ் 2012-இலிருந்து இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதிவருகிறது. கொண்டுவந்து நிறுவுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. விழா எடுப்போம், ரிப்பன் வெட்டுவோம். நான்கு வருடம் கழித்து வரும் அப்கிரேடுக்கு விழா இல்லை. அதற்கும் பிறகு செய்ய வேண்டிய கழிப்புக்குப் பெயரே இல்லை.

பள்ளி ஆய்வகத்தில் அதற்குப் பெயர் இருந்தது. உடைந்த பியூரெட்டையோ துருப்பிடித்த ஸ்டாண்டையோ நான் பாட்டுக்கு வெளியே வீசிவிட முடியாது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வருடம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, இருப்பது, இல்லாதது, உபயோகமற்றது என்று எழுதி, உபயோகமற்றதைக் ‘கண்டம்’ செய்யத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போது அது பெரிய தொல்லையாகத்தான் தெரிந்தது. இன்றைக்கு யோசித்தால், அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று பள்ளியில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததற்குக் காரணமே அந்தத் தொல்லைதான்.

ஆகவே என் யோசனை இது. உங்களில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள், படிப்பகம் நடத்துபவர்கள், அபார்ட்மெண்ட் சங்கத்தில் செயலாளராக இருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அப்கிரேட் செய்து தருபவருக்குப் பில் பாஸ் செய்வதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்றில், எவை நீக்கப்பட்டன. இதை அவர் உட்கார்ந்து எழுதக்கூட வேண்டாம், ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறது. இன்னொன்றில், எவை காலாவதியாகியும் விடப்பட்டன, ஏன், யார் பொறுப்பு. இந்த இரண்டாவது தாளைத்தான் யாரும் தர விரும்ப மாட்டார்கள். “இதெல்லாம் தேவையில்லை சார், நல்லா ஓடுதுல்ல” என்பார்கள். ஓடுவது இல்லை இங்கே கேள்வி என்று சொல்லுங்கள். தாள் வராமல் பில் போக வேண்டாம்.

இது அதிகாரத்தனமாகத் தோன்றலாம். ஒரு சர்வீஸ் பையனிடம் போய்க் கணக்கு கேட்பதா என்று என் மருமகள்கூடச் சொன்னாள். பையனைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு நாளில் இருபது இயந்திரம் முடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள், அவன் டி அழுத்திப் படித்துக்கொண்டிருந்தால் சம்பளம் யார் தருவது? கேட்கிறவர் கேட்டால்தான் அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்து அவன் முதலாளி விலை போடுவார். கொடுப்போம். புதிய பெயிண்ட்டுக்குக் கொடுக்கிறோமே.

படிப்பகத்தில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பழைய ஸ்டாக் ரெஜிஸ்டர் மாதிரியே கட்டம் போட்டது. கணினி எண், தேதி, நீக்கியது, விட்டது, காரணம், கையெழுத்து. அங்கே படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள். தொலைவிலிருந்து திரை பார்க்கும் அந்த நிரலை முதல் நாளே 14 கணினிகளிலிருந்தும் எடுத்தாயிற்று. முழுச் சரிபார்ப்பு பதினொன்றில் முடிந்தது. ஆறாம் எண் கணினியில் ஒரு பழைய ஸ்கேனர் டிரைவர் இருக்கிறது, அதற்குப் புதியது இல்லை, ஸ்கேனர் இல்லாமல் சான்றிதழ் ஏற்ற முடியாது. ‘விட்டது’ கட்டத்தில் எழுதி, காரணமும் எழுதி, அந்தப் பெண் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாள். மீதி மூன்று கணினிகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு மேல் வரக்கூடியவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். டீ, வடை உண்டு.